பேச்சுத்துணை

வேலைப் பதிவேட்டின்படி நான் மலை முதலுதவி நிலையத்தில் செவிலி. ஆனால் சரிவில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது எனக்கு ஒரே ஒரு வேலைதான். வாய் ஓயாமல் பேச வேண்டும்.

ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டியவரின் தலைமாட்டை ஒட்டி நடந்தபடி நான் எதையாவது கேட்டுக்கொண்டே வருவேன். அவர் பதில் சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஆக்சிஜனைப் பார்க்க விரலில் மாட்டும் கருவி அந்தக் குளிரில் வாய்க்கு வந்த எண்ணைக் காட்டும். குலுங்கிக்கொண்டு போகும்போது நாடியும் சரியாகப் பிடிபடாது. பதில் வருகிறதா, மூளைக்கு ரத்தமும் நெஞ்சுக்குக் காற்றும் போகிறது என்று அர்த்தம். பதில் நின்றால் நான் 'இறக்கு' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வந்துவிட்டால் எப்படிப்பட்ட இடமானாலும் தூக்கிவருகிற நால்வரும் ஸ்ட்ரெச்சரைத் தரையில் வைத்துவிடுவார்கள், பின்னால் வரும் டாக்டர் ஓடிவருவார். கேள்வி கேட்பது ஒரே குரலாக இருக்க வேண்டும் என்பது எங்கள் சட்டம். ஆளாளுக்குக் கேட்டால் அடிபட்டவர் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டிவிடுவார். அந்த 'ம்'மை நம்பி எதுவும் செய்ய முடியாது.

இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பேச்சுத்துணை. இந்த வேலை என் தலையில் விழுந்ததில் என்னைத் தெரிந்த யாருக்கும் ஆச்சரியமில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு உள்ளே இருந்ததைவிட வெளியே நின்றதுதான் அதிகம், எல்லாம் இந்த வாயால்.

எங்கள் டாக்டர் எனக்கு நேர் எதிர். சொல்லுக்கு இத்தனை என்று கட்டணம் வசூலிப்பதுபோல அளந்துதான் பேசுவார். அதனால் அவருக்குத் தந்தி என்று பெயர். தூக்குபவர்களின் தலைவனுக்கு முடிச்சு என்று பெயர். கயிற்றில் போட்ட முடிச்சை மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் நகரமாட்டான். அவன் கட்டிய ஸ்ட்ரெச்சர் குப்புறக் கவிழ்ந்தாலும் உள்ளே இருப்பவர் விழமாட்டார்.

அன்று மத்தியானம் வயர்லெஸ்ஸில் தகவல் வந்தது. மேலே மின்கோபுரத்தில் வேலை பார்க்கும் ஆட்களில் ஒருவர் சரிவில் உருண்டு பாறையில் மோதிவிட்டாராம். தொடை எலும்பு முறிந்திருக்கிறது, ஹெல்மெட்டில் விரிசல், ஆனால் நினைவோடு பேசுகிறார் என்றார்கள். என் அண்ணனும் அந்த வேலைதான். ஆனால் அந்த மலையில் கோபுரங்களுக்கும் பஞ்சமில்லை, ஆட்களுக்கும் பஞ்சமில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு ஏறினேன்.

அண்ணன்தான்.

ஒரு பாறைத் திட்டில் மல்லாந்து கிடந்தான். கூட வேலை செய்யும் இருவர் தங்கள் கோட்டுகளைக் கழற்றி அவன்மேல் போர்த்தியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டான், வாயையும் மூடிக்கொண்டான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அவனுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அவன் மகளுக்குச் சம்பந்தம் பேச மாப்பிள்ளை வீட்டார் முதல்முறையாக வந்திருந்த நாள் அது. சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் அளக்க ஆரம்பித்தான். பிறந்ததிலிருந்தே தனக்கு உயரமென்றால் பயமே கிடையாதாம். அதோடு விட்டிருக்கலாம். என்னைக் காட்டி, "இவளுக்குப் பேசறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க. நாங்க சின்ன வயசுலேர்ந்து சும்மாவே கேட்டுட்டிருந்தோம்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, சின்ன வயதில் அவன் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் ஓவென்று அழுத கதையை எடுத்துவிட்டேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தார்கள். மாப்பிள்ளைப் பையனுக்குப் புரையே ஏறிவிட்டது. அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனான்.

அன்றிலிருந்து நான் ஒரு அறைக்குள் நுழைந்தால் அவன் முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிடும். அண்ணியோடு பேசிக்கொண்டிருந்தால்கூட நான் வந்ததும் பாதியில் நிறுத்திவிடுவான். எங்கள் வீட்டுச் சுவர்களை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவர் வேறு யாரும் இருக்க முடியாது. நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, எனவே மன்னிப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது என் கட்சி. இன்றைக்கும் அதுதான் என் கட்சி.

"சொந்தமா?" என்றார் தந்தி, என் முகத்தைப் பார்த்து.

"அண்ணன்."

"முடியுமா?"

முடியும் என்றேன். மண்டியிட்டு உட்கார்ந்து, எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன். பெயர் என்ன, இன்று என்ன கிழமை, எங்கே வலிக்கிறது. பதில் இல்லை. என் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடிக்கவில்லை. டாக்டர் தோளில் அழுத்திக் கிள்ளியபோது முனகினான், அவ்வளவுதான். நாங்கள் வருகிற வரைக்கும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார், தண்ணீர் கேட்டார், எங்களைத் திட்டக்கூடச் செய்தார் என்று கூட இருந்தவர்கள் பதறினார்கள்.

டாக்டரின் முகம் மாறியது. எனக்கு ஏனென்று தெரியும். தலையில் அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசிவிட்டு அப்புறம் பேச்சை நிறுத்தினால், மண்டைக்குள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். விரிசல் விட்ட ஹெல்மெட் வேறு பக்கத்திலேயே கிடந்தது. அப்படியானால் குலுங்கக் குலுங்கத் தூக்கிக்கொண்டு இறங்கக் கூடாது. அங்கேயே மருந்து கொடுத்துத் தூங்கவைத்து, தொண்டையில் குழாய் போட்டு, பையை அழுத்திக் காற்றுக் கொடுத்தபடி ஹெலிகாப்டருக்குக் காத்திருக்க வேண்டும். ஹெலிகாப்டரோ பனிமூட்டம் விலகினால்தான் வரும். பனிமூட்டம் அப்போதுதான் சாவகாசமாக மேலே ஏறிவந்துகொண்டிருந்தது.

"டாக்டர், இவரு என்னோட பேசமாட்டாரு. எங்களுக்குள்ள சண்டை" என்றேன்.

"அடிபட்டுமா?"

"நான் பக்கத்துல இருந்தா யார்கிட்டயும் பேசமாட்டாரு."

சட்டத்தை மீறி டாக்டரே குனிந்து ஒரு முறை பெயரைக் கேட்டுப் பார்த்தார். அண்ணன் வாயைத் திறக்கவில்லை. நான் தள்ளிப் போய் நின்று பார்க்கலாமென்றால் அந்தத் திட்டில் தள்ளிப்போக இடமில்லை, அதற்கப்பால் பள்ளம்தான்.

"சண்டையா, ரத்தமா? எனக்குத் தெரியணும்" என்றார் தந்தி. குழாய் இருக்கும் பையை முடிச்சு ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தான்.

உண்மையைச் சொன்னால் எனக்கே தெரியவில்லை. சண்டைதான் என்று வாய் சொன்னதே தவிர, கண் அந்த விரிசல் விட்ட ஹெல்மெட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு மனிதன் தொடை எலும்பு முறிந்து பாறைமேல் கிடக்கும்போதுமா வீம்பு பிடிப்பான்? மற்றவர்கள் பிடிக்கமாட்டார்கள். எங்கள் அண்ணனைப் பற்றி அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது.

நான் அவனிடம் கேட்பதை விட்டேன். முடிச்சின் பக்கம் திரும்பி, சாவடியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவதுபோல ஆரம்பித்தேன்.

"எங்க அண்ணனுக்கு இது புதுசு இல்லப்பா. சின்ன வயசுல ஒரு தடவை தண்ணி டேங்க் மேல ஏறிட்டு இறங்கத் தெரியாம நின்னாரு. பத்து வயசு. தெருவே கூடிடுச்சு. இருட்டற வரைக்கும் அம்மா அம்மானு ஒரே அழுகை."

அண்ணனின் புருவம் நெளிந்தது. அப்புறம் உதடு அசைந்தது.

"நான் ஒண்ணும் அழல."

மூன்று வருஷத்தில் அவன் என் காதுபட என்னை நோக்கிச் சொன்ன முதல் பேச்சு. முடிச்சு சிரிப்பை அடக்க முடியாமல் பைக்குள் தலையை விட்டுக்கொண்டான். டாக்டர் அண்ணனின் கண் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வயசு?" என்றார் அவனிடம்.

"எட்டு" என்றான் அண்ணன். "அப்ப எட்டு. இவளுக்கு எதுவும் சரியா ஞாபகம் இருக்காது."

தந்தி எழுந்து நின்று, "போலாம்" என்றார். குழாய்ப் பையை மூடினார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

காலை நீட்டிக் கட்டை வைத்துக் கட்டினோம். அப்போது மட்டும் கத்தினான். விலாவிலும் ஒன்றிரண்டு எலும்பு உடைந்திருக்கும் என்று டாக்டர் தடவிப் பார்த்துச் சொன்னார். இப்போதைக்கு இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் நன்றாகக் கேட்கிறது என்றும் சொன்னார். முடிச்சு தன் முடிச்சுகளை இழுத்துப் பார்த்தான். இறங்க ஆரம்பித்தோம்.

வழியெல்லாம் நான் பொய்யாகக் கொட்டினேன். உண்மையைச் சொன்னால் அவன் பேசமாட்டான், தப்பாகச் சொன்னால் திருத்தாமல் இருக்க அவனால் முடியாது. சின்ன வயதிலிருந்தே அவன் சுபாவம் அது. தொட்டிமேல் ஏறினது சாயங்காலம் என்றேன். "மத்தியானம்" என்றான். பட்டம் எடுக்க ஏறினான் என்றேன். "பந்து" என்றான். மறுபடி அழுகையை எடுத்தேன். "அழல" என்றான். இன்று கோபுரத்திலிருந்துதானே விழுந்தாய் என்று கேட்டேன். அதற்கு மட்டும் ஒரு முழு வாக்கியம் வந்தது.

"டவர்லேர்ந்து விழல. கீழ நடந்து வரும்போது கல்லு பெயர்ந்துடுச்சு. போய்த் தப்புத் தப்பா சொல்லாத."

ஸ்ட்ரெச்சர் தூக்கியவர்கள் நால்வருக்கும் கொண்டாட்டம். அடிபட்ட யாரையும் இவ்வளவு ரசமாக இறக்கினதில்லை. டாக்டர்கூடப் பின்னால் செருமினார், அவரளவில் அது பெருஞ்சிரிப்பு. எனக்கும் உள்ளூரச் சந்தோஷம் தாங்கவில்லை. அவன் திருத்தும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு 'அப்பாடா' போட்டுக்கொண்டே இறங்கினேன்.

பனிமூட்டத்துக்குள் நுழைந்தபோது பாதை ஒடுங்கியது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் சரிவு. எல்லோரும் பக்கவாட்டில் காலை வைத்துத்தான் போக வேண்டும். கீழே எங்கள் வண்டியின் விளக்கு மங்கலாகத் தெரிந்தது. அங்கே வைத்துத்தான் என் பெரிய பொய்யை எடுத்தேன்.

"கடைசியில அப்பா ஏணி வெச்சு ஏறி, தோள்ல தூக்கிட்டு இறக்கினாரு."

இது அவனால் பொறுக்க முடியாத பொய். கடைசியில் அவன் தானேதான் இறங்கினான். அப்பா கீழே நின்று எந்தக் கம்பியில் காலை வைக்க வேண்டும் என்று சொன்னார், அவ்வளவுதான். இந்த விஷயத்தில் அவனுக்குள்ள பெருமை எனக்குத் தெரியும்.

பதில் வரவில்லை.

"அக்கா, மறுபடி கோவிச்சுக்கிட்டாரு போல" என்று முன்னாலிருந்து முடிச்சு சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இந்த வீம்பு பிடித்தவனுக்கு மறுபடி ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது, வண்டிக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு அடி எடுத்துவைத்தேன். அப்புறம் எதற்கோ குனிந்து அவன் முகத்தைப் பார்த்தேன்.

அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கண்ணை மூடவில்லை. நேராக, என் கண்ணுக்குள், சின்ன வயதில் இறங்கத் தெரியாமல் தொட்டிமேலிருந்து கீழே பார்த்தானே, அதே பார்வை. அவனுக்குக் கோபம் இருந்திருந்தால் பாறையைப் பார்த்திருப்பான். பாறை அந்தப் பக்கம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

"இறக்கு" என்றேன்.

"அக்கா, இதோ வண்டி தெரியுது. இந்த இடத்துல எப்படி" என்றான் முடிச்சு.

"இறக்குடா."

இறக்கினார்கள். சரிவுப் பக்கம் இருந்த இருவர் முழங்காலைக் கொடுத்து முட்டுக் கொடுத்தார்கள். டாக்டர் அவர்களைத் தாண்டி எப்படி வந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கழுத்து அசையாமல் மாட்டியிருந்த பட்டையைத் தளர்த்தினார். கழுத்து நரம்புகள் விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தன. உதடு நீலம் பாய்ந்திருந்தது. நெஞ்சில் ஒரு பக்கம் மட்டும்தான் ஏறி இறங்கியது. மறுபக்கத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் தலையை ஆட்டினார்.

உடைந்த விலா நுரையீரலைக் குத்தியிருக்கிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் கொஞ்சம் காற்று நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்து, வெளியே போக வழியில்லாமல் சேர்ந்து சேர்ந்து நுரையீரலையும் இதயத்தையும் நசுக்கிக்கொண்டிருக்கிறது. அவனுக்குப் பேச மூச்சில்லை. நாங்கள் சிரித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

"ஊசி" என்றார் தந்தி. பெரிய ஊசி எங்கே இருக்கும் என்று என் கைக்குத் தெரியும். கை அதை எடுத்துக் கொடுத்தது. கழுத்தடியில் உள்ள காறை எலும்புக்குக் கீழே விரலால் விலாவை எண்ணி, ஒரே அழுத்தில் இறக்கினார்.

உஸ் என்று சத்தம் வந்தது. சைக்கிள் ட்யூப்பின் வால்வை அழுத்தினால் வருமே, அந்தச் சத்தம். பனிமூட்டத்துக்குள் எங்கள் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. என் வாழ்நாளில் அதைவிட இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை.

அண்ணனின் நெஞ்சு இரண்டு பக்கமும் ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. உதட்டில் நீலம் மெல்ல விலகியது. நான் பேச வேண்டும், அது என் வேலை, ஆனால் ஒரு சொல்லும் வரவில்லை. முடிச்சு என்னைப் பார்த்தான். டாக்டர் என்னைப் பார்த்தார். பேச்சுத்துணை வாயடைத்து உட்கார்ந்திருந்தாள்.

"தானா... இறங்கினேன்" என்றான் அண்ணன், மூச்சுக்கு ஒரு சொல்லாக. "அப்பா... கீழதான் நின்னாரு."

"ஆமாண்ணா" என்றேன். அதற்குமேல் முடியாமல் அழுதுவிட்டேன். யாரும் என்னைக் கேலி செய்யவில்லை.

வண்டியில் கீழே போகும்போது டாக்டர் தன் வாழ்நாளிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார். மேலே திட்டிலேயே குழாய் போட்டுக் காற்றை அழுத்தியிருந்தால் அந்தக் கசிவு இன்னும் வேகமாகச் சேர்ந்திருக்கும், தூங்குகிறவர் முகத்தில் எதுவும் தெரிந்திருக்காது என்றார். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சண்டை நல்லது" என்று முடித்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் அண்ணி நின்றிருந்தாள். தகவல் சொன்னபோது போனில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான், சண்டை போடாமல் கூட்டிக்கொண்டு வா என்று. சண்டை போட்டுத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று சொன்னேன். புரியாமல் என்னைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணனுக்குத் தொடையில் கம்பி வைத்து, நெஞ்சில் போட்ட குழாயை எடுக்கிற நிலைக்கு வந்தபிறகுதான் நான் வார்டுக்குப் போனேன். அதுவரை வேலை என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். மலையில் பேசியது கணக்கில் சேராது, மயக்கத்தில் பேசினேன் என்று சொல்லிவிடுவான் என்ற பயம். கதவருகே நின்று எட்டிப் பார்த்தேன். கட்டிலருகே மகளும், அன்று புரையேறிய அந்த மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

அண்ணன் கூரையைப் பார்த்தான். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தான். தொண்டையைச் செருமினான், விலா வலித்திருக்கும், முகம் சுளித்தது.

"மாப்ள, அந்தத் தண்ணி டேங்க் விஷயம்" என்றான். "இவ சொன்னது சரிதான். கொஞ்சம் அழுதேன்."

மாப்பிள்ளை சிரிக்கவில்லை. எட்டு வயதில் யாராக இருந்தாலும் அழுவார்கள் மாமா என்றான், பவ்யமாக. நான் என்னையும் அறியாமல் வாயைத் திறந்தேன்.

"கொஞ்சமா? தெருவே..."

"போதும், அத்தோட விடு" என்றான் அண்ணன். முகத்தைப் பட்டென்று சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சுவரில் பார்க்க ஒன்றும் இல்லை, வெறும் பச்சை வண்ணம்தான். அவன் அதையே விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான், மூச்சு சீராக வந்து போய்க்கொண்டிருந்தது. எனக்கு அப்படி ஒரு நிம்மதி.